விலையில்லாக் கையேடுகளும் விழியின் பயிற்சியும்

பங்குக் குரு ஒருவர் எழுதியது என்பதற்காக மட்டும் ஒரு வானியல் நூலைப் பாராட்டுவது முறையான திறனாய்வு ஆகாது. எனவே தாமஸ் வில்லியம் வெப் என்னும் ஆங்கிலிக்கன் திருச்சபைக் குருவின் நூலைக் கையிலெடுக்கும்போது, அழைத்தலால் அவருக்கும் நமக்கும் உள்ள உறவைச் சற்றே ஒதுக்கி வைத்துவிட்டுப் பேச விழைகிறோம். 1859-இல் இலண்டனில் வெளிவந்த அந்நூலின் பெயரைத் தமிழில் ‘எளிய தொலைநோக்கிகளுக்கு ஏற்ற வான்பொருள்கள்’ எனலாம். பெயரிலேயே நூலாசிரியரின் நோக்கம் விளங்குகிறது. அரசரின் வானாய்வுக் கூடத்திற்காகவோ பெருஞ்செல்வரின் மாளிகைக்காகவோ எழுதப்பட்டதன்று அது. சிறு கருவி ஒன்றைச் சேமித்து வாங்கிவிட்டு, அதனை எந்தத் திசையில் திருப்புவது என்று அறியாமல் முற்றத்தில் நின்றவனுக்காக எழுதப்பட்டது.

இன்று அந்நூலின் பதிப்புரிமை காலாவதியாகிப் பொதுச்சொத்தாகிவிட்டது. கைப்பேசி வைத்திருப்போர் எவரும் காசின்றிப் பெறலாம். அதனோடு மெஸ்ஸியேயின் பட்டியல், லக்காயின் பட்டியல் போன்ற பழஞ்சுவடிகளும், மாதந்தோறும் வரும் வான்படங்களும், ‘ஸ்டெல்லேரியம்’ என்னும் கணினி நிரலும் விலையின்றியே கிடைக்கின்றன. நூறு ஆண்டுகளுக்கு முன் இவற்றுள் ஒன்றைப் பெறுவதற்கே ஒரு நூலகத்தைத் தேடிச் செல்ல வேண்டியிருந்தது. ஆயினும் விலையில்லை என்பது ஒரு கையேட்டின் சிறப்பாகிவிடாது. காசு செலவாகாத இடத்தில் வேறொன்று செலவாகிறது. அது படிப்பவனின் ஆர்வம். ஒருமுறை வீணாகச் செலவழிந்தால் எளிதில் திரும்பப் பெற முடியாத செல்வம் அது. ஆகவே விலையுள்ள நூலை மதிப்பிடுவதைக் காட்டிலும் விலையில்லாத நூலை மதிப்பிடுவதில் நாம் கண்டிப்பாக இருப்பது நன்று.

இந்த ஆர்வம் எவ்வாறு அழிகிறது என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம். ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் தன் சித்தப்பா வாங்கித் தந்த சிறு தொலைநோக்கியை ஆலய மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். பெட்டியின்மேல் ஐந்நூறு மடங்கு பெருக்கும் என்று அச்சிட்டிருந்தார்கள்; அருகில் செந்நிறமும் நீலமுமாய்ச் சுழலும் ஆண்ட்ரோமெடா அண்டத்தின் வண்ணப்படம். கருவியின் வழியே அவன் கண்டதோ, கண்ணாடியில் மூச்சுக்காற்று பட்டாற்போன்ற ஒரு சாம்பல் நிறப் புகை. “இவ்வளவுதானா, சாமி?” என்று கேட்டான். அவன் கேட்டதில் பிழையில்லை. மங்கிய ஒளியில் நம் விழித்திரையின் நிறமறியும் செல்கள் வேலை செய்வதில்லை. நிறமறியாத கோல் செல்களே விழித்திருக்கின்றன. புகைப்படக் கருவி மணிக்கணக்கில் ஒளியைச் சேமிக்கும். மனிதக் கண்ணுக்கு அந்த ஆற்றல் இல்லை. இந்த எளிய உண்மையைப் பெட்டியும் சொல்லவில்லை, பெட்டிக்குள் இருந்த தாளும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், அந்தச் சாம்பல் புகை இருபத்தைந்து இலட்சம் ஆண்டுகள் பயணம் செய்து தன் கண்ணுக்குள் விழுந்த ஒளி என்று அவன் வியந்திருப்பான்.

வெப்பின் நூலை நாம் முதலிடத்தில் வைப்பதற்கு இதுவே காரணம். தம் வாசகன் ஏமாறக்கூடிய இடங்கள் அவருக்கு நன்கு தெரியும். நூலின் முதற்பகுதி வான்பொருள்களைப் பற்றியதே அன்று. கருவியையும் அதன் பின்னால் நிற்கும் மனிதனையும் பற்றியது. பளபளக்கும் பித்தளைக் குழாயைக் கண்டு மயங்காதே, கண்ணாடியில் சிறு குமிழி இருப்பதைக் கண்டு கலங்காதே, எவ்வளவு பெருக்குகிறது என்பதைவிட எவ்வளவு தெளிவாகக் காட்டுகிறது என்பதைப் பார் என்னும் போக்கில் அவருடைய அறிவுரைகள் அமைகின்றன. புதியவன் ‘உருவம் சிறியதாக இருக்கிறதே’ என்று மனம் சோர்வதையும் அவர் கணக்கில் கொண்டு பேசுகிறார். வியாழனை ஏறத்தாழ நாற்பது மடங்கு பெருக்கினாலே அது வெறுங்கண்ணுக்குத் தெரியும் முழுநிலவின் அளவை எட்டிவிடும். ஆனால் கருவியில் காண்பவன் அதனை நம்பமாட்டான். கண் ஏமாற்றுகிறது என்பதை முன்கூட்டியே அறிந்தவன் சோர்வடைவதில்லை.

வெப் 1856 முதல், வேல்ஸ் எல்லையை ஒட்டிய ஹெர்போர்டுஷயர் மாவட்டத்து ஹார்ட்விக் என்னும் சிற்றூரில் பங்குக் குருவாகப் பணியாற்றியவர். நூலுக்கு அடிப்படையாக அமைந்த நோக்குகளுக்கு அவர் பெரிதும் பயன்படுத்தியது 3.7 அங்குல வில்லை கொண்ட தொலைநோக்கி. அவருக்கு முன்னோடியான கடற்படைத் தளபதி ஸ்மித் 5.9 அங்குலக் கருவியைக் கொண்டு 850 பொருள்களை விவரித்து 1844-இல் இரு பெருந்தொகுதிகளாக வெளியிட்டிருந்தார். அது அருமையான நூல்தான். தளபதியின் கடற்கதைகளும் புராணச் செய்திகளும் இடையிடையே கலந்து வரும் சுவையான நூல். ஆனால் ஸ்மித் தாம் கண்டதை எழுதினார். வெப்போ தம் வாசகன் காணக்கூடியதை எழுதினார். ஸ்மித்தும் ஸ்ட்ரூவேயும் தொகுத்தவற்றிலிருந்து பொறுக்கி எடுத்து, தம் சிறு கருவியில் திருப்பிப் பார்த்துச் சோதித்துத் தந்தார். மறையுரைக்காக நூல்களைப் புரட்டுகிறவர்களுக்கு இவ்வேறுபாடு எளிதில் விளங்கும். பேராசிரியர் சொன்னதை அப்படியே பீடத்திலிருந்து ஒப்பிப்பது ஒருவகை. முன்வரிசைப் பாட்டிக்கு எது எட்டும் என்று எண்ணிப் பார்த்துப் பேசுவது வேறுவகை.

வெப்பின் சொற்சிக்கனமும் குறிப்பிடத்தக்கது. பொருளின் பெயர், இடம், இரட்டை விண்மீனாயின் இரண்டிற்கும் இடைப்பட்ட தொலைவு, நிறம், பிறகு சிறு குறிப்பு. வியப்புச் சொற்களை அவர் அள்ளி இறைப்பதில்லை. அதனாலேயே எங்கேனும் ஓரிடத்தில் ‘அழகு’ என்று அவர் எழுதும்போது நாம் நின்று பார்க்கத் தோன்றுகிறது. இன்றைய கையேடுகள் பலவற்றில் எல்லாப் பொருள்களும் ‘அற்புதம்’. எல்லாம் அற்புதமானால் மாணவன் எதனை முதலில் தேடுவான்?

குறைகளையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். நூலின் நடுப்பகுதி ஞாயிற்றுக் குடும்பத்தைப் பற்றியது. அதில் நிலவுக்கு வெப் தந்திருக்கும் இடம் மிகப் பெரிது. பேயர், மேட்லர் ஆகியோரின் நிலவரைபடத்தைச் சுருக்கித் தந்தது நல்ல தொண்டு. ஆனால் நிலவின் தரையில் இன்னும் மாற்றங்கள் நிகழ்கின்றனவோ என்னும் ஐயம் அக்காலத்தில் பரவலாக இருந்தது. 1866-இல் ஏதென்ஸ் நகரத்து ஷ்மிட், லின்னே என்னும் பள்ளம் உருமாறிவிட்டதாக அறிவித்தபோது அவ்வாராய்ச்சியில் வெப்பும் மிகுந்த ஈடுபாடு காட்டினார். அப்பள்ளம் மாறவில்லை, ஒளி விழும் கோணம் மாறும்போது தோற்றம் மாறுவதே அதற்குக் காரணம் என்பது பின்னர்த் தெளிவாயிற்று. கோள்களைப் பற்றிய பக்கங்களையும் இன்று வரலாறாக மட்டுமே படிக்கலாம்.

விண்மீன் பகுதிக்கும் காலம் தன் வரியை விதித்திருக்கிறது. புவியின் அச்சு மெல்லத் தலைசுற்றுவதால் விண்மீன்களின் அட்டவணை இடங்கள் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 வில்விநாடி நகர்கின்றன. 1859 முதல் இன்றுவரை அது இரண்டு பாகைக்கு மேல். முழுநிலவின் அகலத்தைப் போல் நான்கு மடங்குக்கும் அதிகம். இரட்டை விண்மீன்களின் கதை இன்னும் சுவையானது. கன்னி மண்டலத்துப் போரிமா சுமார் 169 ஆண்டுகளுக்கு ஒருமுறை சுற்றி வரும் இணை. 1836-இல் இரண்டும் மிக நெருங்கி ஒன்றாகவே தோன்றின. வெப் நூலை வெளியிட்ட காலத்தில் சிறு கருவியிலேயே பிரிந்து தெரியும் அளவுக்கு விலகியிருந்தன. வெப்பை மட்டும் நம்பி 2005-இல் போரிமாவைப் பார்த்தவன் தன் கருவியில்தான் கோளாறு என்று எண்ணியிருப்பான். அவ்வாண்டு அவை மீண்டும் நெருங்கிச் சிறு தொலைநோக்கிகளுக்கு ஒற்றை விண்மீனாகிவிட்டன. இப்போது மறுபடியும் விலகி, வெப்பின் காலத்து நிலையை ஏறக்குறைய எட்டியிருக்கின்றன. நூல் தவறாகிப் பின் தானே சரியாகும் இத்தகைய விந்தையை வேறெந்தத் துறையிலும் நாம் கண்டதில்லை.

இன்னொரு குறை அமைப்பைப் பற்றியது. விண்மீன் மண்டலங்களை வெப் பெயரின் அகரவரிசையில் அடுக்குகிறார். அகராதிக்கு அது பொருந்தும்; வானுக்குப் பொருந்தாது. மாலையில் மாடியேறுபவனுக்குத் தேவை ‘இந்த மாதம், இந்த நேரம், என் தலைக்குமேல் என்ன’ என்பது. 1885-இல் வெப் மறைந்தபின், எஸ்பின் என்னும் மற்றொரு பங்குக் குரு 1893-94-இல் நூலை இரு தொகுதிகளாக விரித்துப் பதிப்பித்தார். அந்த எஸ்பினே 1910-இல் பல்லி மண்டலத்தில் புதுமீன் ஒன்றைக் கண்டறிந்தவர். அவருடைய விரிவால் நூல் செழித்தது. ஆனால் சட்டைப்பையிலிருந்து மேசைக்கு இடம் மாறியது.

அடுத்து மெஸ்ஸியே. தொடக்க நிலையினர் அனைவர் கையிலும் திணிக்கப்படும் இலவசப் பட்டியல் இதுவே. இது வழிகாட்டிக் கையேடாக எழுதப்பட்டதே அன்று என்பதை எத்தனை பேர் அறிவர்? சார்லஸ் மெஸ்ஸியே பாரிசில் வால்மீன் தேடியவர். வால்மீன் போல் தோன்றி ஏமாற்றும் மங்கலான பொருள்களைக் குறித்து வைத்தார். 1774-இல் வெளியான முதற்பட்டியலில் 45. 1781-இல் நிறைவுற்ற பட்டியலில் 103. அதாவது, கண்டால் ஒதுங்கிச் செல்லவேண்டியவற்றின் பட்டியல்! பிற்காலத்தார் அதனை 110 ஆக நீட்டி, விரும்பிக் காணவேண்டியவற்றின் பட்டியலாக மாற்றிக்கொண்டனர். அவர் தந்த விவரங்களை நம்பிப் போகிறவன் இன்றும் தடுமாறுவான். எர்க்குலிசு மண்டலத்தின் பதின்மூன்றாம் எண் பொருளில் விண்மீன் எதுவும் இல்லை என்று அவர் உறுதியாகக் குறித்தார். அதுவோ பல இலட்சம் விண்மீன்கள் திரண்ட கோளக் கொத்து. ஆயினும் இக்குறையில் ஒரு நேர்மை உண்டு. தம் கருவி காட்டாததை அவர் எழுதவில்லை.

மெஸ்ஸியேயைப் பற்றி நம் நாட்டு வாசகர் அறியவேண்டிய மற்றொரு செய்தி, அவருடைய சாளரம் பாரிசில் இருந்தது என்பதே. அவர் பட்டியலில் தெற்கு ஓரத்தில் உள்ள ஏழாம் எண் கொத்து, தேளின் கொடுக்கருகே இருப்பது, அவருக்கு அடிவானத்திலிருந்து ஆறு பாகைதான் எழும்பியது. கன்னியாகுமரியில் அது நாற்பத்தேழு பாகை உயரத்தில் ஒளிவீசும். அதற்கும் தெற்கே உள்ளவை அவர் பட்டியலில் இடம்பெற வழியே இல்லை. வானத்துக் கோளக் கொத்துகளில் ஒளிமிக்கதான ஒமேகா சென்டாரி அவர் பட்டியலில் இல்லை. ஹார்ட்விக் ஆலய முற்றத்தில் நின்ற வெப்பின் கண்ணுக்கும் அது எட்டியதில்லை. அவ்வூருக்கு அது உதிப்பதேயில்லை. நமக்கோ வைகாசி மாதத்து முன்னிரவில் தென்வானில் முப்பது பாகையளவு உயர்ந்து, வெறுங்கண்ணுக்கே மங்கிய மீனாகத் தெரிகிறது. ஐரோப்பியப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தமிழ்நாட்டில் வான் நோக்குபவன், தன் வீட்டு வாசலில் காய்த்துத் தொங்கும் மாவை விட்டுவிட்டு அயலார் தோட்டத்து ஆப்பிளுக்கு ஏணி வைக்கிறான்.

இவ்விடத்தில்தான் அதிகம் பேசப்படாத மற்றொரு இலவசப் பட்டியலை நாம் பரிந்துரைக்கிறோம். நிக்கோலா லூயி தெ லக்காய் ‘அபே’ என்று திருநிலைப் பட்டப்பெயரால் அழைக்கப்பட்டவர். 1751 முதல் 1753 வரை நன்னம்பிக்கை முனையில் தங்கி, ஏறத்தாழப் பத்தாயிரம் தென்வான விண்மீன்களை அளந்தார். அவற்றோடு 42 மங்கல் பொருள்களையும் பட்டியலிட்டு 1755-இல் வெளியிட்டார். மூன்று வகை, வகைக்குப் பதினான்கு: விண்மீனற்ற புகையுருக்கள், புகைபோல் தோன்றும் கொத்துகள், புகை சூழ்ந்த விண்மீன்கள். அவர் அளவீட்டுக்குப் பயன்படுத்திய தொலைநோக்கியின் வில்லை அரையங்குல அகலம். எட்டு மடங்கு பெருக்குவது. இன்று கடையில் கிடைக்கும் 50 மில்லிமீட்டர் இருகண் நோக்கி அதனைப் போல் பதினைந்து மடங்கு ஒளியைத் திரட்டும்! ஒமேகா சென்டாரி, தென்சிலுவை அருகே உள்ள ‘நகைப்பெட்டி’ என்னும் கொத்து, கரீனா புகையுரு ஆகிய மூன்றும் லக்காயின் பட்டியலில் உள்ளவை; மூன்றும் தமிழ்நாட்டிலிருந்து காணத்தக்கவை. கரீனா புகையுரு தவக்கால இறுதியிலும் பாஸ்கா நாள்களிலும் முன்னிரவில் தெற்கே உச்சங்கொள்கிறது. குமரிக் கடற்கரைப் பங்குகளுக்கு இதில் ஒரு தனிப்பேறு உண்டு: தெற்கே கடல், படகு விளக்குகள் தவிர வேறு வெளிச்சம் இல்லை. எளிய கருவியின் எல்லைக்குள் செய்யப்பட்ட பட்டியல் எளிய கருவி உடையவனை ஏமாற்றாது. லக்காயின் பெருஞ்சிறப்பாக நாம் கருதுவது இதனையே.

நம் மண்ணுக்கும் இத்தென்வானத்துக்கும் பழைய தொடர்பு ஒன்று உண்டு. சயாம் நாட்டிலிருந்து வெளியேறிப் புதுச்சேரியில் தங்கியிருந்த இயேசு சபைக் குரு ழான் ரிஷோ, 1689 டிசம்பரில் ஒரு வால்மீனை நோக்கிக்கொண்டிருந்தபோது, ஆல்பா சென்டாரி என்னும் ஒளிமிகு மீன் ஒன்றல்ல, இரண்டு என்று கண்டார். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒன்றையொன்று சுற்றிவரும் இணை அது. கதிரவனுக்கு மிக அண்மையில் உள்ள விண்மீன் குடும்பமும் அதுவே. அருந்ததியை அடுத்த வசிட்ட மீன் இரட்டை என்று 1617-இல் தொலைநோக்கி வழிக் கண்டவர் கலிலேயோவின் மாணவரான பெனடிக்ட் சபைத் துறவி கஸ்தெல்லி. அம்மி மிதித்து அருந்ததி பார்க்கும் தமிழ் மரபு கண்ணால் பிரித்தறியும் இணையைச் சொல்கிறது; அந்த இணையில் ஒன்று மீண்டும் இரண்டாகப் பிரிவதைக் காட்ட இரண்டரை அங்குலக் கருவி போதும். புதியவனுக்குக் காட்டும் முதல் இரட்டை மீனாக எந்தக் கையேடும் இதனையே வைக்கலாம்.

இனி இன்றைய படைப்புகள். ‘ஈவ்னிங் ஸ்கை மேப்’ என்னும் மாத வான்படம் இரண்டே பக்கம். முதற்பக்கத்தில் அம்மாத வானின் வட்டப்படம். இரண்டாம் பக்கத்தில் வெறுங்கண்ணுக்கு எளியவை, இருகண் நோக்கிக்கு எளியவை, தொலைநோக்கி தேவைப்படுபவை என மூன்று பிரிவாகப் பட்டியல். வெப்புக்கு வாய்க்காத அமைப்பு இது. கையிலுள்ள கருவியிலிருந்து தொடங்குகிறது, காலத்தைத் தலைப்பில் சொல்கிறது. வடக்கு, தெற்கு பதிப்புகளோடு நிலநடுக்கோட்டுப் பகுதிக்கெனத் தனிப்பதிப்பும் உண்டு. நம்மவர் தவறாமல் எடுக்கவேண்டியது அதுவே. வணிக நோக்கமற்ற கல்விப் பணிக்குப் படியெடுத்து வழங்கத் தடையில்லை. குறை, பொருளுக்கு ஒற்றை வரிதான். அந்த வரி பொருள் எது என்று சொல்கிறதே ஒழிய, கண்ணில் எவ்வாறு படும் என்று சொல்ல அதற்கு இடமில்லை.

ஸ்டெல்லேரியம் வேறு வகை. ஊரைக் குறித்தால் அவ்வூரின் வானை, வேண்டும் நொடியில் விரித்துக் காட்டுகிறது. அச்சுச் சுழற்சியால் இடம் பெயர்ந்த மீன்களின் கணக்கை எல்லாம் அது தானே செய்துகொள்கிறது. தெருவிளக்கின் மாசளவைக் குறிக்கவும், இரவுப் பார்வை கெடாதபடி திரையைச் செந்நிறமாக்கவும் வசதி செய்திருக்கிறார்கள். திட்டமிடுவதற்கு இதற்கு இணையில்லை என்பதை மனமார ஒப்புகிறோம். நாம் அஞ்சுவது அதன் தாராளத்தைத்தான். விரலால் நெருக்கினால் புகையுரு வண்ணப்படமாய் மலர்கிறது. மேகம் இல்லை, கொசு இல்லை, கழுத்துவலி இல்லை. பெட்டியின்மேல் அச்சிட்ட படம் செய்த அதே தீங்கை, அறியாமலே, இதுவும் செய்ய இயலும். இருளுக்குக் கண் பழக இருபது முப்பது நிமிடம் ஆகும். நேரே பாராமல் சற்று ஓரமாய்ப் பார்த்தால் மங்கல் பொருள் துலங்கும். இவ்விரண்டையும் எந்தத் திரையும் பழக்கித் தர இயலாது.

அமெரிக்க வானியல் கழகங்களின் கூட்டமைப்பு மெஸ்ஸியே பொருள்களுக்கென ஒரு நோக்குத் திட்டம் நடத்துகிறது. எழுபது பொருள்களைக் கண்டு குறிப்பெழுதினால் சான்றிதழ். 110-ஐயும் கண்டால் சிறப்புச் சான்றிதழ். தானே பொருளைத் தேடி நிற்கும் கணினிப் பொறியைப் பயன்படுத்தலாகாது என்பது விதி. சான்றிதழில் நமக்கு அக்கறையில்லை, விதியில் உண்டு. மன்றாட்டுமாலையை வேகமாகச் சொல்லி முடிப்பதுபோல் ஒரே இரவில் எழுபது பெயரைக் கடந்துவிடாமல், தெரிந்த மீனிலிருந்து தெரியாத மீனுக்கு ஒவ்வோர் அடியாய்த் தாவிச் செல்ல அது கட்டாயப்படுத்துகிறது. வெப்பின் வாசகர் அனைவரும் அவ்வாறு தேடியே கண்டவர்கள்.

நாம் விரும்பும் கையேடு எட்டு முதல் பதின்மூன்று பாகை வரையுள்ள நம் அகலாங்குக்கென்று எழுதப்பட வேண்டும். மாதங்கள் தமிழ் மாதங்களாக இருக்கட்டும். கார்த்திகை, ரோகிணி, திருவாதிரை, கேட்டை, அகத்தியர் என்று மக்கள் வாயில் இருக்கும் பெயர்களிலிருந்து வழி தொடங்கட்டும். மெஸ்ஸியேயிடமிருந்து இருபது, லக்காயிடமிருந்து பத்து, வெப்பிடமிருந்து இரட்டை மீன் ஒரு டசன். ஒவ்வொன்றுக்கும் நேரே, இருகண் நோக்கியில் அது உண்மையில் எப்படித் தெரியும் என்று ஒரு வாக்கியம், வண்ணப்படம் வேண்டாம். அச்சடிக்க எட்டுப் பக்கம் போதும்.